வரிக்குக் கீழே ஒரு விரல்

ஆராதனை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் மட்டும்.

பீடி சுற்றும் ஆச்சி. பக்கத்தில், போன மாதம் ஞானஸ்நானம் பெற்ற இளம்பெண். ஆச்சியின் ஆள்காட்டி விரல் வேதாகமத்தின் வரிக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. நகத்தோரம் புகையிலைக் கறை. அந்தப் பெண் ஒரு சொல்லில் தடுக்கினால் விரலும் நின்றது. அவள் எழுத்துக்கூட்டி முடித்த பிறகே அசைந்தது.

"மெதுவாக வாசி அம்மா, என்ன அவசரம்?"

என் கையில் ஆண்டறிக்கைத் தாள். புதிதாகச் சேர்ந்தோர்: 11. காலையில் அதை எழுதியபோது மனம் நிறைந்திருந்தது. அந்த 11 பேரில் எத்தனை பேர் வீட்டு வாசலை மிதித்திருக்கிறேன்?

பாளையங்கோட்டையில் 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர்தான். முதல் பெயர் குளோரிந்தா, ஒரு விதவை. ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் இருந்ததோ தஞ்சாவூரில். அன்றாடம் அந்த 40 பேரோடு உட்கார்ந்தவர்கள் உள்ளூர் விசுவாசிகள். 1785இல் எழுந்த கோயில் இன்றும் நிற்கிறது.

சபை வளர வேண்டும் என்று உபவாசம் இருக்கிறோம், கன்வென்ஷனுக்குப் பந்தல் போடுகிறோம். நல்லதுதான். ஆனால் ஞானஸ்நானத்துக்கு மறுவாரம் அந்த மனிதரின் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். 7 பெயர்கள் வந்தன.

மீதி 4 பெயர்களை ஆச்சியிடம் கேட்டேன். யோசிக்காமல் சொன்னார், தெருவோடு சேர்த்து.