பாக்கு இல்லாத வெற்றிலை

மார்ச் 21, 2020, சனி

விடியற்காலையில் மதுரைச் சந்திப்பில் இறங்கி, ஆரப்பாளையத்தில் சோழவந்தான் பஸ் பிடித்து, ஏழரை மணிக்குத் தென்கரை வந்து சேர்ந்தேன். கொரோனா பரவுவதால் சென்னையில் நான் தங்கியிருந்த விடுதியை மூடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நான்கு நாள் துணியும் மடிக்கணினியுமாகக் கிளம்பியவள், கட்டிலில் கிடந்த போர்வையைக்கூட மடித்து வைக்கவில்லை.

அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். வாளியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர். கைகால் கழுவி, கொல்லை வழியாகப் போய்க் குளித்த பிறகுதான் உள்ளே விட்டாள்.

என் அறைக் கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. நெல் மூட்டைகள், பித்தளை அண்டா, மருந்து தெளிக்கும் கருவி, கிழிந்த தார்ப்பாய். பதினோரு வருடமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து போகிறேன். அப்போதெல்லாம் அறை துடைத்துக் கிடக்கும், மெத்தையில் வெளுத்த விரிப்பு இருக்கும். இந்த முறை முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டேன். இத்தனை வருடமும் இந்த மூட்டைகளை யார் இழுத்து ஒதுக்கினார்கள் என்று இன்றுதான் யோசித்தேன். அம்மாவுக்கு முதுகுவலி வந்து ஆறு வருடம் ஆகிறது.

இரவு கூடத்தில் அப்பத்தா பக்கத்தில் படுத்திருக்கிறேன். அப்பத்தாவுக்குப் பல் இல்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பை இரும்பு உரலில் போட்டு இடித்துத்தான் வாயில் போடும். அந்த டொக், டொக் சத்தம் கேட்டதும் ஊருக்கு வந்துவிட்டோம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 25, புதன்

நேற்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். இருபத்தொரு நாள் ஊரடங்கு. இன்று விடிவதற்குள் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் ஒருவர் இறந்துவிட்டார். தமிழ்நாட்டில் இந்த நோய்க்கு முதல் சாவு. 54 வயது. நாங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்கிற இடம் அது. நான் பிறந்தது அங்கே. சீனாவில், இத்தாலியில் என்று தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது வைகைக் கரைக்கு வந்துவிட்டது.

அப்பா வழக்கம்போல் ஐந்து மணிக்கே மண்வெட்டியோடு கொடிக்காலுக்கு, எங்கள் வெற்றிலைத் தோட்டத்துக்கு, போய்விட்டார். போக வேண்டாம் என்று அம்மா தடுத்தாள். “தண்ணீர் காட்டாவிட்டால் நாளைக்கே இலை முகம் வாடிப்போகும்” என்று சொன்னார். வேறு பேச்சில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று முதல் கடைகள் மதியம் ஒரு மணி வரைதான். ரேஷனில் ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் வந்தன. உப்பு, புளி, மிளகாய் எல்லாம் கிடைத்துவிட்டது. கிடைக்காதது பாக்கு மட்டும்தான். அப்பா நான்கு கடை ஏறி இறங்கினார்.

வெற்றிலை விளைகிற வீடு. கூடத்து மூலையில் ஈரச்சாக்குப் போட்டு மூடிய கட்டுகள் அடுக்கியபடி இருக்கின்றன. அப்பத்தா அதில் ஒன்றை எடுத்து, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, மடித்து, பிறகு வைத்துவிட்டது. “பாக்கில்லாத வெற்றிலை பச்சைத் தழை ஆத்தா, ஆட்டுக்குப் போடு” என்றது.

வெற்றிலை வாங்கும் வியாபாரி போன் செய்தார். இனி அனுப்ப வேண்டாமாம். பங்குனி முகூர்த்தங்கள் நின்றுவிட்டன, கோவில்கள் சாத்திக் கிடக்கின்றன, பெட்டிக்கடைகள் திறக்கவில்லை. பிறகு யார்தான் வாங்குவார்கள்? அப்பா “சரிங்க, சரிங்க” என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். என்ன என்று கேட்டதற்கு, “பஸ் ஓடட்டும், பார்க்கலாம் என்கிறார்” என்றார். பக்கத்தில் இருந்த எனக்கு அந்தப் பக்கத்துக் குரல் முழுக்கக் கேட்டது.

இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்து அகல் ஏற்றினோம். தெருவே கார்த்திகை மாதிரி இருந்தது.

ஏப்ரல் 16, வியாழன்

சித்திரை முதல் நாள் போய்விட்டது. சார்வரி வருடம். வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் போட்டு அம்மா பச்சடி செய்தாள். அன்று காலையிலேயே ஊரடங்கை மே 3 வரை நீட்டித்துவிட்டார்கள். இந்த மாதம் பாதிச் சம்பளம்தான் என்று எனக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை.

நேற்று இன்னொரு உத்தரவு. பொது இடத்தில் எச்சில் துப்பக்கூடாது, தண்டனை உண்டு. நோய் பரவும் விதத்தை நினைத்தால் சரியான உத்தரவுதான். ஆனால் அதைக் கேட்டபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இனி கடைகள் திறந்தாலும் வெற்றிலை போடுகிறவர்கள் பயந்து போடுவார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். ஒரு கொடி பலன் கொடுக்கத் தொடங்கினால் வருடக் கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஊரடங்கு முடிகிற வரை அதை நிறுத்தி வைக்க முடியாது.

வழக்கமாகக் கிள்ள வருகிற நான்கு அக்காமார்களும் ஆற்றுக்கு வடக்கே இருக்கிறார்கள். பாலத்தில் போலீஸ் நிற்பதால் வரப் பயப்படுகிறார்கள். ஆகவே இன்று நான் போனேன். சிறு வயதில் கொடிக்காலுக்குள் ஓடிப் பிடித்து விளையாடியிருக்கிறேன், ஆனால் வேலை செய்ததில்லை. படிக்கிற பிள்ளை என்று விடமாட்டார்கள்.

வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. குனிந்து உள்ளே நுழைந்தால் வேறு ஊர். வரிசை வரிசையாக அகத்தி, அதன்மேல் தொற்றி ஏறிய கொடி, காலடியில் எப்போதும் ஈரம். பச்சை வெளிச்சம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அப்பா கோவிலுக்குப் போவதுபோல்தான் அதற்குள் போவார். கீழேயிருந்து மேலாக, முதிர்ந்த இலையை மட்டும் காம்போடு கிள்ள வேண்டும். கொழுந்தைத் தொடக்கூடாது. நான் கிள்ளிய முதல் இருபது இலைகளில் எட்டு கிழிந்துவிட்டன. அப்பா திட்டவில்லை. என் கையைப் பிடித்து, கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டினார். அப்பா என் கையைப் பிடித்து எத்தனை வருடமாயிற்று!

பத்து மணிக்குள் கூடைகள் நிறைந்தன. நூறு இலை ஒரு கவுளி. எண்ணி அடுக்கப் போனேன். “எண்ண வேண்டாம்மா” என்றார். இரண்டு கவுளி மட்டும் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் எடுத்து வைத்தார். மீதி அத்தனையையும் வரப்போரக் குழியில் கொட்டி மேலே மண்ணைத் தள்ளினார். விற்காத இலையை எதற்குக் கிள்ள வேண்டும், கொடியிலேயே விடலாமே என்று கேட்டேன்.

“விட்டால் முற்றிப் பழுத்து உதிரும். கொடி சோம்பிவிடும். அப்புறம் விலை வரும்போது இலை இருக்காது.”

வியாபாரி போன் செய்த நாளிலிருந்து அவர் தனியாக இதைச் செய்திருக்கிறார். கிள்ளி, சுமந்து, புதைத்து, வீட்டுக்கு வந்து, “வியாபாரம் ஏதோ ஓடுகிறது” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் குழியருகே உட்கார்ந்து அழுதேன். அவர் தண்ணீர் திருப்பப் போய்விட்டார்.

ஏப்ரல் 25, சனி

மதுரை மாநகராட்சியில் நாளை முதல் 29 வரை முழு ஊரடங்கு. காய்கறிக் கடைகளும் கிடையாது. செல்லூர் அத்தை போனில் அழுதது. கடைத்தெருவில் திருவிழாக் கூட்டமாம், இடைவெளியாவது ஒன்றாவது. கூட்டத்தை அடக்கப் போட்ட உத்தரவு ஒரே நாளில் இவ்வளவு கூட்டத்தைக் கூட்டிவிட்டதே என்று வயிறு கலங்குகிறது. அத்தைக்குச் சர்க்கரை நோய் வேறு.

மே 4, திங்கள்

இன்று மீனாட்சி திருக்கல்யாணம். கோவில் சாத்திக் கிடக்க, சில சிவாச்சாரியார்கள் மட்டும் உள்ளே நடத்தி இணையத்தில் காட்டினார்கள். மாசி வீதிகளில் நிற்க இடமில்லாமல் ஜனம் நெரியும் நாள். மொய் எழுதி, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு, அம்மன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்த மாதிரியே ஊர் திரும்புகிற நாள்.

அம்மா விடியும் முன்பே தலைக்குக் குளித்து, மஞ்சள் கயிற்றைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சமையலறை அலமாரியில் என் கைபேசியை நிற்க வைத்தேன். பக்கத்து வீட்டுச் சித்தியும் அவர் மருமகளும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அப்பத்தா தூணோரமாக உட்கார்ந்து, “அவள் முகத்தைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டு தாயி” என்று கேட்டது. விரலால் விரித்துக் காட்டினேன். மூக்குத்தி மட்டும் தெரிந்தது. கும்பிட்டது.

திருமாங்கல்யம் எடுக்கும் நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. அம்மாவுக்குக் கை நடுங்கியது. அணிவதைப் பார்த்த பிறகுதானே மாற்ற வேண்டும்? மொட்டை மாடிக்கு ஓடினேன், அங்கேயும் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழேயிருந்து அப்பத்தாவின் குரல்: “சொக்கன் கட்டியிருப்பான். நீ மாற்று ஆத்தா.” நான் இறங்கி வரும்போது அம்மா புதுக்கயிற்றில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

மே 7, வியாழன்

சித்ரா பௌர்ணமி. அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. எங்கள் சோழவந்தான் ஜெனகை நாராயணப் பெருமாளும் ஆற்றுக்கு வரவில்லை. அப்பா விடியற்காலையில் முதல் கிள்ளு வெற்றிலையோடு ஆற்று மணலில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். மதுக்கடைகள் இன்று திறந்துவிட்டன. சாமி வராத ஆற்றையும் நீண்ட வரிசைகளையும் ஒரே நாளில் பார்க்கும்படி ஆயிற்றே என்று எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஜூன் 10, புதன்

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். சோழவந்தானில் மண்டபம் பிடித்திருந்தார்கள், அதை விட்டுவிட்டு வீட்டு வாசலிலேயே பந்தல். ஐம்பது பேருக்கு மேல் கூடாது. யாரை விடுவது என்று பெண்ணின் அப்பா ஒரு வாரம் தூங்கவில்லை. ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு, வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் இரண்டு வீட்டு ஆட்களும் எங்கள் தெருவுமாக முடித்துக்கொண்டார்கள்.

பத்துக் கவுளி எங்கள் வீட்டுச் சீர். இந்த முறை அப்பா எண்ணச் சொன்னார். நான் எண்ணினேன், அம்மா அடுக்கினாள், அப்பா வாழைச்சருகில் வைத்துக் கட்டினார். எல்லாம் ஒரே அளவு, ஒரு புள்ளி இல்லை, எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. மணவறைக்கு முன் தாம்பாளத்தில் அது இருந்ததை அப்பா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தாம்பூலப் பையில் கொட்டைப்பாக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறார்கள். தெருவில் கிடைத்த பைகளில் இருந்த பாக்கையெல்லாம் பிள்ளைகள் அப்பத்தாவிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாளாகக் கடையில் தூள் பாக்கு கிடைக்கத்தான் செய்கிறது, அப்பத்தாவுக்கு அது ஆகாது. இன்று மாலை உரலை எடுத்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

ஜூன் 24, புதன்

மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. மாநகராட்சி, பரவை, கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள். எங்கள் பக்கம் இல்லை. ஆனால் பரவை என்பது எங்களுக்குக் கூப்பிடு தூரம், எங்கள் பக்கத்துக் காய்கறியெல்லாம் போகிற மார்க்கெட் அங்கேதான். அத்தையைக் கூட்டி வரலாம் என்றால் இனி முடியாது.

என் வேலை போய்விட்டது. இந்த மாதத்தோடு சரி. சொன்ன விதம் மரியாதையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கொடிக்காலில் அப்பாவிடம் சொன்னேன். பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுச் சம்பளம் என்று நடித்ததையும் சொன்னேன். அவர் அகத்தியில் தொங்கிய கொடி ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டே, “தெரியும்மா. நீ அம்மாவிடம் பணம் கொடுக்கும்போது இரண்டு தடவை எண்ணினாய். முன்பெல்லாம் எண்ணாமல் கொடுப்பாய்” என்றார். பிறகு, நகைக்கடனுக்கு அம்மாவின் வளையல் போயிருப்பதை அவரும் சொன்னார். இருட்டும் வரை அங்கேயே இருந்தோம்.

ஜூலை 5, ஞாயிறு

இந்த மாதம் ஞாயிறெல்லாம் தமிழ்நாடு முழுக்க அடைப்பு. மதுரைக்கு 12 வரை நீட்டித்திருக்கிறார்கள். அத்தை நன்றாக இருக்கிறது, தினமும் பேசுகிறோம்.

கொடி இறக்கத் தொடங்கிவிட்டோம். அகத்தியின் உச்சிக்கு ஏறிவிட்ட கொடியைக் கட்டுப் பிரித்து மெல்லக் கீழே இறக்கி, இலை உதிர்ந்த அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் பதித்து, நுனியை மட்டும் மீண்டும் அகத்தியில் ஏற்றிக் கட்ட வேண்டும். பதித்த கணுக்களில் புது வேர் விடும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு நன்றாக வளர்ந்த கொடியைச் சாய்த்துவிட்டார்களே என்றுதான் தோன்றும். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றியது.

“நுனி ஒடிந்தால் போச்சு. அதை மட்டும் பார்த்துக்கொள்” என்று அப்பா ஒரு வரிசையை முழுசாக என்னிடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். காலையிலிருந்து ஒரு நுனிகூட ஒடியவில்லை. வடகரை அக்காமார்களில் இருவர் போன வாரத்திலிருந்து வருகிறார்கள். என் முடிச்சைப் பார்த்து ஒருவர் அவிழ்த்துவிட்டு வேறு மாதிரி போட்டுக் காட்டினார். அதுதான் சரி, இறுக்கவும் இல்லை, நழுவவும் இல்லை.

அறையிலிருந்த மூட்டைகளில் பாதியை நானும் அம்மாவும் திண்ணைக்கு மாற்றிவிட்டோம். பாயை மட்டும் இன்னும் கூடத்திலேயே விரிக்கிறேன், அப்பத்தா விடமாட்டேன் என்கிறது.

இன்னும் பதினெட்டு வரிசை இருக்கிறது. இன்று நார் போதவில்லை. நாளைக்கு வேண்டிய வாழைநாரை இப்போதே தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறேன்.