வேன் கூரையில் சோலார்: பேனலிலிருந்து ஃபிரிட்ஜ் வரை

கூரையில் 200 வாட் பேனல் இரண்டு ஏறிவிட்டன. இருக்கைக்கு அடியில் 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி இரண்டு. ஃபிரிட்ஜ், விளக்கு, கூரை விசிறி, தண்ணீர் பம்ப் எல்லாம் இப்போது அந்தப் பேட்டரியில்தான் ஓடுகின்றன. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவியிலிருந்து, சார்ஜ் ஏற்றும் வேலை மட்டும் பாக்கி. இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன். கூரையில் விழும் வெயில் ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கெங்கே எவ்வளவு தொலைகிறது என்ற கணக்குதான் எனக்கு இதில் பெரிய பாடமாக இருந்தது. பேனலின் வாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம். வயரின் தடிமனைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

முதலில் செலவுக் கணக்கு. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும். விட்டு விட்டுத்தான் ஓடும். நாளில் பத்துக்கு நான்கு பங்கு நேரம் ஓடுவதாக வைத்தால் 430 வாட்-மணி. விசிறி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 160. லேப்டாப் 180. விளக்கு, பம்ப், போன் எல்லாம் சேர்த்தும் 90-ஐத் தாண்டாது. மொத்தம் 860 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அதில் பாதியை ஃபிரிட்ஜே எடுத்துக்கொள்கிறது. ஃபிரிட்ஜைச் சுற்றிக் காற்றோட்டம் விடுவது இன்னொரு பேனல் வாங்குவதற்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான். பின்பக்கச் சூட்டுக் காற்று மேலே வெளியேற ஒரு வழி, கீழே குளிர்ந்த காற்று நுழைய ஒரு வழி. இது பேனல் ஏற்றுவதற்கு முன்பே முடித்த வேலை.

வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே இதை எல்லாம் ஓட்டக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப நிரம்புவதற்காகச் செய்தது அது. மெல்லிய தகடுகள். ஆழமாக இறக்கி ஏற்றினால் சீக்கிரம் செத்துப்போகும். தனிப் பேட்டரி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எந்த வகை என்பதுதான் கேள்வி.

ஈய-அமில வகையில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். எனக்கு வேண்டிய 2 யூனிட்டை எடுக்க 4 யூனிட் அளவு சுமக்க வேண்டும். எடை 100 கிலோவை நெருங்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 12.8 வோல்ட், 200 ஏஹெச், ஆக 2,560 வாட்-மணி. பத்தில் ஒன்பது பங்கு எடுக்கலாம். இரண்டும் சேர்ந்தே 25 கிலோ அளவுதான். வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டரை நாள் ஓடும். 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் இந்தப் பொருளைப் பற்றி வெளியிட்டார்கள். லித்தியம் அயன் பேட்டரிக்காக 2019-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. போன் பேட்டரிகளில் இருக்கும் கோபால்ட் வகையை விட இது சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. தூங்கும் இடத்துக்கு அடியில் வைக்கப் போகிறோம் என்றால் எனக்கு அது எல்லாவற்றையும் விட முக்கியம். ஒரே ஒரு கட்டுப்பாடு: பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக்கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். அந்தக் குளிரில் தானாகவே சார்ஜை நிறுத்திவிடும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) உள்ளதையே தேடி வாங்கினேன்.

அப்புறம் கூரை. பேனல் வைக்கும் இடத்தை நிழல்தான் முடிவு செய்தது. பேனலுக்குள் இருக்கும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதும் அடங்கிவிடும். கூரை விசிறியின் மூடி 10 சென்டிமீட்டர் உயரம். சூரியன் 45 டிகிரியில் இருக்கும்போது அதன் நிழலும் 10 சென்டிமீட்டர். 30 டிகிரிக்கு இறங்கினால் 17. அதனால் விசிறிக்கும் பேனலுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் விட்டேன். அட்டையில் பேனல் அளவுக்கு வெட்டிக் கூரையில் பரப்பி, காலை, மதியம், மாலை என்று நிழல் எங்கே நகர்கிறது என்று பார்த்த பிறகே இடத்தைக் குறித்தேன்.

பேனலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் மூலைகளைக் கூரையில் துளையிடாமல் பாலியூரித்தேன் பசையால் ஒட்டினேன். ஒட்டும் இடத்தை லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, பிரைமர் பூசிக் காய விட வேண்டும். பசையை ஒரேயடியாக அமுக்கிப் பிதுக்கக் கூடாது. 3 மில்லிமீட்டர் கனமாவது நிற்க வேண்டும். பிளாஸ்டிக்கும் தகரமும் வெயிலில் வேறுவேறு அளவு விரியும், அந்த இழுவையைத் தாங்குவது அந்தக் கனம்தான். காய்வதற்குப் பல நாள் விட்டேன். நெடுஞ்சாலை வேகத்தில் காற்று பேனலைத் தூக்கப் பார்க்கும், இதில் அவசரம் வேண்டாம்.

பேனலுக்கும் கூரைக்கும் இடையில் 3 சென்டிமீட்டர் இடைவெளி. பேனல் சூடாகச் சூடாக, 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் திறன் குறையும். வெயிலில் 65 டிகிரிக்குப் போய்விட்டால் 14 சதவீதம் போச்சு. 200 வாட் பேனல் 172 வாட்டாகிவிடும். அடியில் காற்று ஓடினால் இந்த இழப்பு கொஞ்சம் குறையும். கூரையோடு கூரையாக ஒட்டிவிடும் வளையும் பேனல்கள் பார்க்க அழகு, ஆனால் இந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றை ஒதுக்கினேன்.

வயர் உள்ளே இறங்க மட்டும் ஒரே ஒரு துளை. உள்ளிருந்து கூரைச் சட்டங்கள் எங்கே போகின்றன என்று அளந்து, சின்ன டிரில்லில் தொடங்கி, பெரிதாக்கி, விளிம்பை அரத்தால் மழித்து, துருத் தடுப்புப் பெயிண்ட் இரண்டு கை. கூரையில் சிதறிய இரும்புத் துகளை அன்றே காந்தத்தால் பொறுக்கிவிட்டேன்; ஓர் இரவு ஈரத்திலேயே அவை துருப்பிடித்துப் பெயிண்டில் கறை விடும். துளைக்கு மேல் வயர் மூடி, வாய் வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி.

இரண்டு பேனலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பதா (சீரீஸ்), பக்கம் பக்கமாகச் சேர்ப்பதா (பேரலல்)? இரண்டு விதமாகவும் இணைத்துப் பார்த்தேன். ஒரு பேனலைத் தடிமனான போர்வையால் முழுதாக மூடியபோது இரண்டிலும் ஏறக்குறைய பாதி வாட்தான் வந்தது. சீரீஸில் மூடிய பேனலைத் தாண்டி, பேனலிலேயே மாற்றுப்பாதையாக இருக்கும் டயோடு வழியாக மின்சாரம் போய்விடுகிறது. ஆகவே வயரை வைத்து முடிவெடுத்தேன். பேரலலில் 20 வோல்ட், 20 ஆம்பியர். சீரீஸில் 40 வோல்ட், 10 ஆம்பியர். வயரில் சூடாகத் தொலைவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது, பாதி ஆம்பியர் என்றால் கால் பங்கு இழப்பு. சீரீஸ்தான்.

சீரீஸ் போடுபவர்கள் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். பேனல் குளிர்ந்தால் வோல்ட்டேஜ் ஏறும். என் பேனல் ஒவ்வொன்றும் எதோடும் இணைக்காத திறந்த நிலையில் 24 வோல்ட், இரண்டும் 48. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் இது 53-ஐத் தொடும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துவது கன்ட்ரோலர்; 50 வோல்ட் வரைதான் தாங்குவது என்றால் ஒரு குளிர்காலக் காலையில் போய்விடும். என்னுடையது 100 வோல்ட், 30 ஆம்பியர் எம்பிபிடி, அதாவது பேனலிலிருந்து அதிகபட்ச வாட்டைத் தேடி எடுக்கும் வகை. இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேனல் முனைகளை மின்சாரம் ஓடும்போது பிரித்தால் டிசி தீப்பொறி அணையாமல் நிற்கும். அதனால் கூரை வேலை முழுவதும் பேனலைப் போர்வையால் மூடியே நடந்தது.

சரி, வயருக்கு வருவோம். தாமிர வயரில் எவ்வளவு வோல்ட் குறையும் என்பதற்குக் கணக்கு எளிது: நீளத்தை இரண்டால் பெருக்கி, ஆம்பியரால் பெருக்கி, 0.0175-ஆல் பெருக்கி, வயரின் ஸ்கொயர் எம்எம் அளவால் வகுக்க வேண்டும். ஃபிரிட்ஜ் பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது, 5 ஆம்பியர். 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.28 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 போட்டால் 0.12. சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் இழுவை கூடும், வோல்ட்டேஜ் இன்னும் சரியும், ஃபிரிட்ஜ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அணைந்துவிடும். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது என்று புலம்புகிறவர்கள், மல்டிமீட்டரை ஃபிரிட்ஜின் முனையில் வைத்து அது கிளம்பும்போது பார்க்க வேண்டும். நான் 6 போட்டேன். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு ஒன்றரை மீட்டர்தான், ஆனால் 30 ஆம்பியர் வரை போகும்; அதற்கு 16.

ஒவ்வொரு வயருக்கும் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான், கருவியை அல்ல. ஆகவே வயரின் தடிமனைப் பார்த்து ஃபியூஸ். முதல் ஃபியூஸ் பேட்டரியின் முனைக்கு ஒட்டியே இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி தொடர வாய்ப்புண்டு. அதனால் அங்கே மட்டும் அவ்வளவு பெரிய மின்சாரத்தையும் துண்டிக்கும் கிளாஸ்-டீ வகை. வயர் முனையில் மாட்டும் வளையமான லக்கை ஹைட்ராலிக் கருவியால் அழுத்தி, கையால் பலமாக இழுத்துப் பார்த்து, பிறகுதான் போல்ட்டில் மாட்டினேன். முழு லோடு போட்டு ஒவ்வோர் இணைப்பையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்த்தேன். எங்காவது ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே இணைப்பு தளர்வு என்று அர்த்தம். எல்லாம் ஒரே சூட்டில் இருந்தது மனதுக்கு நிம்மதி.

பேட்டரிகள் இரண்டையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் செய்த பிறகு பேரலலில் சேர்த்தேன். பாசிட்டிவ் ஒரு பேட்டரியிலிருந்து, நெகட்டிவ் மற்றதிலிருந்து எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும். எல்லா நெகட்டிவும் ஷன்ட் என்ற ஆம்பியர் அளவி வழியாக மட்டுமே போக வேண்டும், ஒன்று விலகினாலும் கணக்கு பொய்யாகும். லித்தியத்தில் வோல்ட்டேஜைப் பார்த்து மீதம் சொல்ல முடியாது. 80 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் வித்தியாசம் சுமார் 0.2 வோல்ட்தான். போனதையும் வந்ததையும் எண்ணும் ஷன்ட்டைத்தான் நம்ப வேண்டும்.

இன்வெர்ட்டர் வைக்கவில்லை. லேப்டாப்புக்கு 12 வோல்ட்டிலிருந்தே யூஎஸ்பி-சி சார்ஜர். டிசியை ஏசியாக்கி, மறுபடி டிசியாக்கினால் இரண்டு இடத்திலும் இழப்பு. சும்மா இருக்கும்போதும் அது ஏதோ குடித்துக்கொண்டே இருக்கும்.

தெளிவான நண்பகலில் 400 வாட் பேனலிலிருந்து 300 வாட்டை ஒட்டி வருகிறது. கூரையில் படுத்திருக்கும் பேனலுக்கு இது நல்ல அளவு. மேகம் மூடினால் 40 முதல் 80. பிற்பகலில் திடீரென 50 வாட்டுக்கு இறங்கினால் பதற வேண்டியதில்லை. பேட்டரி நிரம்பிவிட்டது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அந்த நேரத்தில் ஃபிரிட்ஜின் குளிரை ஒரு படி கூட்டி வைக்கிறேன்; வீணாகப் போக இருந்த வெயில் குளிராகச் சேமிப்பாகிறது.

அடுத்தது ஆல்டர்னேட்டர். வெறும் ரிலே (தானியங்கி ஸ்விட்ச்) போட்டு ஸ்டார்ட் பேட்டரியையும் லித்தியத்தையும் சேர்த்தால் லித்தியம் கிடைத்த மட்டும் இழுக்கும், எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் சூடேறும். புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தானே வோல்ட்டேஜைக் குறைத்துவிடுவதால் பேட்டரி நிரம்பவும் செய்யாது. இரண்டுக்கும் மருந்து டிசி-டிசி சார்ஜர்: வரும் வோல்ட்டேஜை பேட்டரிக்கு வேண்டியதாக மாற்றி, ஆம்பியரையும் கட்டுக்குள் வைக்கும். 30 ஆம்பியர் சார்ஜர் வாங்கி வைத்திருக்கிறேன். முன்னால் இருக்கும் ஸ்டார்ட் பேட்டரியிலிருந்து 6 மீட்டர், உள்ளே இழுப்பது 35 ஆம்பியர் அளவு. 25 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். சாவி போட்டால் மட்டும் வேலை செய்ய ஒரு சிக்னல் வயர். இந்த வயருக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால்.