மலையிலிருந்து கால்பந்து அகாடமிக்கு: ட்ரயல்ஸும் பத்தாம் வகுப்பும்

கோத்தகிரி காந்தி மைதானத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்காவது ஒரு கிளப் அகாடமியின் ட்ரயல்ஸ், அதாவது ஆடவைத்துப் பார்த்து ஆள் எடுக்கும் தேர்வு, பற்றிய அறிவிப்பு வந்தால் போதும், பெற்றோர் வந்து கேட்பது ஒன்றுதான்: "சார், பையன் நல்லா ஓடுவான், எடுத்துப்பாங்களா?" ஓடுகிறான் என்பதற்காக மட்டும் யாரையும் எடுப்பதில்லை. நான் பதினான்கு வயதில் கீழே ஒரு கிளப்பின் அகாடமி விடுதியில் சேர்ந்து, பள்ளிப் படிப்பு முடியும்வரை அங்கே இருந்தவன். தொழில்முறை ஆட்டக்காரனாக ஆகவில்லை, கல்லூரி அணியோடு நின்றுவிட்டேன். ஆனால் எப்படித் தேர்வு செய்கிறார்கள், எடுத்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். இன்று ஒரு பையன் எப்படி ஆடுகிறான் என்பதைவிட, சொன்னதை எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறான் என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

ட்ரயல்ஸில் பெரும்பாலும் முழு கிரவுண்டில் ஆடவிட மாட்டார்கள். நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து என்று சின்ன இடத்தில் விடுவார்கள். ஆட்டம் சூடு பிடித்ததும் கோச் விசில் ஊதி, "இனிமேல் இரண்டு டச்தான்" என்பார்; பந்தை இரண்டு முறைக்கு மேல் தொடாமல் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். உண்மையான தேர்வு அப்போதுதான் தொடங்குகிறது. மூன்று பேரை வெட்டிக்கொண்டு போனவன் திணறுவான். அதுவரை கண்ணில் படாத ஒருவன் சட்டென்று ஒளிர்வான். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப் சிறுவர்களை எடைபோட நான்கு அளவுகோல் வைத்திருந்தது: நுட்பம், ஆட்டத்தைப் படிக்கும் அறிவு, குணம், வேகம். வேகம் கடைசியில் நிற்பதைப் பாருங்கள்.

ஆட்டத்தைப் படிப்பது பிறவியிலேயே வருவதல்ல, பழகிக்கொள்ளலாம். பந்து காலுக்கு வருமுன் தோளுக்கு மேல் திரும்பி ஒருமுறை பின்னால் பார்ப்பது, அவ்வளவுதான். நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதைப் பல ஆண்டுகள் வீடியோ வைத்து ஆராய்ந்தவர். அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்க்கும் ஆட்டக்காரர்களின் பாஸ் கூடுதலாகச் சரியாகப் போகிறது என்று கண்டவர். அகாடமியில் எங்களுக்குப் பின்னால் உதவி கோச் நின்று விரல்களைக் காட்டுவார். பந்தை வாங்குமுன் எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இதை ஊரிலேயே, அண்ணனையோ தங்கையையோ பின்னால் நிற்க வைத்துப் பழகலாம். காசு செலவில்லை.

நம் மலைக்கே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. "மலைக்காரப் பையன், மூச்சு வாங்காது" என்ற பேச்சை நம்பி வெயிலை மறந்துவிடாதீர்கள். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். இங்கே ஓடிப் பழகிய நுரையீரல் நல்லதுதான். ஆனால் ட்ரயல்ஸ் நடப்பது கோவையிலோ சென்னையிலோ, அதுவும் பல நேரம் ஏப்ரல், மே மாதத்தில். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் நீர்ச்சத்துக் கூடி, வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும். முதல் நாள் இரவு பஸ் ஏறிப் போய்க் காலையில் ஆடுபவன் இருபதாவது நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பதைப் பார்க்கிறேன். மேட்டுப்பாளையத்தில் அத்தை வீடோ சித்தப்பா வீடோ இருந்தால் இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள், அங்கே மாலையில் ஓடட்டும். இடமில்லாமல் தேயிலைச் சரிவுக்குப் பக்கத்திலேயே ஆடும் நம் பிள்ளைகளுக்கு ஒரு லாபமும் உண்டு. பந்து கீழே உருண்டுவிட்டால் எடுக்கப் போவது பெரிய பாடு, அதனால் பாஸைத் தரையோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

பிறந்த மாதத்தைப் பற்றிப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வயதுப் பிரிவு ஜனவரி 1ல் தொடங்கினால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பதின்மூன்று வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது ஒரு சாண் உயரமாகவே தெரியலாம். அதனால்தான் உலகம் முழுக்க அகாடமிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகம். நல்ல அகாடமிகள் இதை உணர்ந்து, நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை மூன்றையும் அடிக்கடி அளந்து, யார் எந்த வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கிறான் என்று கணக்குப் போடுகின்றன. இங்கிலாந்தில் வயதுக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்து அணி பிரித்தும் ஆடவைக்கிறார்கள். பின்னாளில் இங்கிலாந்து அணியின் கேப்டனான ஹாரி கேனை ஆர்சனல் கிளப் சின்ன வயதிலேயே வேண்டாமென்று அனுப்பியது தெரிந்த கதைதானே. வேகமாக உயரும் காலத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்தால் தைலம் தேய்த்து ஓடவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். இந்தியாவில் சிறுவர் போட்டிகளுக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். நம் பக்கம் முன்னெழுத்தில்தான் சிக்கல் வரும்.

சரி, சேர்ந்தாயிற்று. அப்புறம்? முதல் வருடம் பலருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஊரில் ஃபார்வர்டாக முன்னால் நின்று கோல் அடித்தவனை, ஓரத்தில் தடுத்தாடும் விங் பேக்கில் போடுவார்கள். ஜெயித்த ஆட்டத்துக்கும் திட்டு விழும். 2012ல் இங்கிலாந்து கிளப்புகள் ஏற்ற திட்டத்தில் சிறுவர் காலம் மூன்று கட்டம்: 11 வயதுவரை அடிப்படை, 12 முதல் 16 வரை வளர்ச்சி, அதற்கு மேல்தான் தொழில்முறைக் கட்டம். எங்கள் அகாடமியும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் நடந்தது. பதினாறுக்குள் ஸ்கோரைவிட, எத்தனை நிமிடம் எந்த இடத்தில் ஆடினான், தப்பான இடத்தில் நின்றது ஏன் என்பதுதான் பேச்சு. வாரம் ஒருநாள் வீடியோ போட்டு, "இங்கே என்ன பார்த்தே?" என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தவன் அடுத்த வாரம் ஆட்டத்தில் இருந்தான். கூச்சப்பட்டு வாயே திறக்காத நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் பின்தங்குகிறார்கள். வீட்டிலேயே ஆட்டம் முடிந்ததும் அதைப்பற்றிப் பேசவைத்துப் பழக்குங்கள்.

படிப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்குப் பயிற்சி, பிறகு பள்ளி, மாலை மறுபடி பயிற்சி, இரவு சாப்பிட்டதும் கண் சொக்கும். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், தலா 100 மதிப்பெண், 35 எடுத்தால் தேர்ச்சி. "பாஸானா போதும்" என்பது விடுதியில் பரவும் ஒரு வியாதி. நான் கணக்கை இரவில் தொட்டதே இல்லை. பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை எங்களுக்கு ஓய்வு நேரம், அதில் தினம் சில கணக்குகள். சமூக அறிவியலை அறைத்தோழனோடு சத்தமாக ஒப்பித்தேன். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் பாடப்புத்தகத்தின் ஒரு மதிப்பெண் வினாக்கள். எங்கள் லீக் அரையாண்டுத் தேர்வை ஒட்டித்தான் வந்தது, அதனால் அறிவியல் ரெக்கார்டு நோட்டை அதற்கு முன்பே முடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். செய்முறைக்கு 25 மதிப்பெண், அதை விடுவது முட்டாள்தனம். தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வேண்டாம். அந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும், இல்லையென்றால் படிப்பும் நிற்காது, காலும் நிற்காது. வேறு மாநில அகாடமி என்றால் பள்ளி எந்த பாடத்திட்டம், தமிழ் பாடமாக இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஒத்துவராவிட்டால் ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடத்தும் தேசிய திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) இருக்கிறது. போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு.

பணம் கட்டும் முன், இந்த அகாடமி எந்த வயதுப் பிரிவு லீக்கில் ஆடுகிறது, கோச்சின் லைசென்ஸ் என்ன என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். கிளப்புகள் பிள்ளைகளை வளர்ப்பது தர்மத்துக்கு மட்டும் இல்லை. ஒரு வீரர் பின்னாளில் வேறு நாட்டுக் கிளப்புக்குப் பெரிய தொகைக்குப் போனால், அதில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயதுவரை பழக்கிய கிளப்புகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. அதே ஃபிஃபா, சில விலக்குகள் தவிர, 18 வயதுக்குக் கீழ் நாடு விட்டு நாடு கிளப் மாறுவதைத் தடுக்கிறது. ஆகவே பதினைந்து வயதுப் பையனை ஸ்பெயின் கிளப்பில் சேர்க்கிறேன் என்று குன்னூர் ஹோட்டலில் உட்கார்ந்து லட்சக்கணக்கில் கேட்பவரிடம், எந்த விலக்கின்கீழ் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் அழுதுகொண்டே பஸ் ஏற வேண்டாம். கூட்டம் கலைந்ததும் கோச்சிடம் போய், "சார், நான் எதைச் சரி பண்ணணும்?" என்று பையனே கேட்கட்டும், அப்பா கேட்கக் கூடாது. பெரும்பாலானோர் சொல்லிவிடுவார்கள். முதல் டச் என்பார், இடது கால் என்பார். அதை எழுதிக்கொண்டு வந்தால், அடுத்த ட்ரயல்ஸ்வரை எதைப் பழகுவது என்று காந்தி மைதானத்தில் உட்கார்ந்து பேசலாம்.