பரணில் இருந்து இறங்கிய டிஎக்ஸ்7

"பேட்டரி செத்துப்போச்சு தம்பி. நான் செஞ்சு வச்ச சத்தமெல்லாம் போயிருச்சு" என்றார் அண்ணன், துண்டால் தூசியைத் தட்டிக்கொண்டே.

மண்டபம் ஊரில் அவர் வீட்டுப் பரணில் கிடந்த யமஹா டிஎக்ஸ்7, அதாவது மின்சாரத்தில் சத்தத்தை உருவாக்கும் கீபோர்டு (சிந்தசைசர்). 1983-இல் வந்த மாடல். ஒரு காலத்தில் திருவிழா மேடைகளில் அவர் வாசித்தது.

உப்புக்காற்று திருகாணிகளைத் தின்றிருந்தது. தட்டையான அந்தப் பச்சைப் பொத்தான்கள் மட்டும் எப்படியோ தப்பிவிட்டன.

அப்புறம் உட்கார்ந்து ஒன்றுமில்லாததில் இருந்து ஒரு சத்தம் செய்தார். முதலில் வெறும் விசில் மாதிரி ஒரு சைன் அலை. அதை ஆட்ட இன்னொரு அலை. இரண்டின் அதிர்வெண் விகிதம் முழு எண்ணாக இருந்தவரை ஏதோ குழல் சத்தம்தான். மூன்றரைக்குத் தள்ளினார். கணீரென்று மணி!

மூக் (Moog) வகை சிந்தசைசர்கள் பல சுரங்கள் கலந்த செழிப்பான அலையை எடுத்து வேண்டாததை வடிகட்டும். இது நேர் எதிர். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டுபிடித்த எஃப்எம் முறை, அதாவது ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் ஆட்டுவது.

இன்று போனிலேயே ஆயிரம் சத்தம் கிடைக்கிறது. நாம் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான். அண்ணன் தலைமுறை, வெளிச்சமில்லாத குட்டித் திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக மாற்றி உண்டாக்கியது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

சரி, சேமித்த சத்தங்களைக் காக்கும் அந்தப் பேட்டரி சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் பழைய போர்டில் பொறுமையாகச் சால்டரிங் செய்பவர் இருந்தால் சொல்லுங்கள்.