அம்மாவோட கட்டிக்கு என்ஜிஎஸ் டெஸ்ட் எடுத்த அனுபவம்

அம்மாவுக்கு அடினோகார்சினோமாங்கற வகை நுரையீரல் கேன்சர், ஸ்டேஜ் 4. சிகரெட்டே பிடிக்காதவங்க, அதனாலயே டாக்டர் முதல்லயே சொல்லிட்டார், இவங்கள மாதிரி ஆளுங்களுக்கு நேரா மருந்து இருக்கற மியூட்டேஷன், அதாவது ஜீன் மாற்றம், கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி, என்ஜிஎஸ் பாத்துரலாம்னு. அதாவது கட்டியில இருக்கற நிறைய ஜீனை ஒரே நேரத்துல படிச்சு, எது கெட்டுப்போனதால கட்டி வளருதுன்னு கண்டுபிடிக்கறது.

சிக்கல் சாம்பிள்லயே ஆரம்பிச்சுது. பயாப்ஸி துண்டை மெழுகு பிளாக்கா வெச்சிருப்பாங்க, அதுலேருந்து மத்த டெஸ்டுக்கெல்லாம் சீவிச் சீவி எடுத்துட்டதால மிச்சத்துல கேன்சர் செல் ரொம்ப கம்மி. பல லேப்ல 20 சதவீதமாவது வேணும்னு கேப்பாங்க. "சாம்பிள் போதாது"ன்னு ரிப்போர்ட் வந்தப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு. தயவுசெஞ்சு பயாப்ஸிக்கு போறதுக்கு முன்னாடியே என்ஜிஎஸ்க்கும் சேத்து எடுங்கன்னு கேட்டுருங்க. எலும்புலேருந்து எடுக்கறாங்கன்னா இன்னும் கவனம், எலும்பை மென்மையாக்க ஆசிட்ல போட்டா டிஎன்ஏ கெட்டுப்போயிரும்.

அப்புறம் லிக்விட் பயாப்ஸி, ரத்தத்துல கலந்திருக்கற கட்டியோட டிஎன்ஏவைத் தேடறது. இந்த கேன்சர்ல வழக்கமா தேடற இஜிஎஃப்ஆர், ஏஎல்கேங்கற ஜீன்கள்ல மாற்றம் இல்ல, வேற ஒண்ணுமே இல்ல. வீட்ல எல்லாரும் சரி விடு, இம்யூனோதெரபியும் (உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டற சிகிச்சை) கீமோவும் ஆரம்பிச்சுரலாம்னு சொன்னாங்க, ஆனா டாக்டர் ஒத்துக்கல. சில கட்டி ரத்தத்துல டிஎன்ஏவை விடவே விடாது, அதனால ரத்தத்துல இல்லன்னா கட்டியில இல்லன்னு அர்த்தம் கிடையாது, அதுவும் இம்யூனோதெரபி குடுத்த கையோட ஒசிமெர்டினிப் (இஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான மாத்திரை) மாதிரி மருந்துக்கு மாறினா நுரையீரல்ல அழற்சி வர்ற ஆபத்து கூடும், இப்போதைக்கு கீமோ மட்டும் போதும்னு பொறுமையா விளக்கினார். அந்தப் பொறுமைக்கு நான் என்னைக்கும் நன்றியோட இருப்பேன்.

திரும்ப பயாப்ஸி, இந்தத் தடவை டிஎன்ஏவோட, ஜீன் வேலை செய்யறப்போ உருவாகற அதோட நகலான ஆர்என்ஏவும் பாத்தாங்க. ரெண்டு ஜீன் உடைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா அதை ஃப்யூஷன்னு சொல்றாங்க, டிஎன்ஏல தப்பிச்சுப் போறது சிலது ஆர்என்ஏல மாட்டும். மாட்டுச்சு, ஆர்இடிங்கற ஜீன்ல ஃப்யூஷன். இந்த வகை நுரையீரல் கேன்சர்ல 1லேருந்து 2 சதவீதம் பேருக்குத்தான் இருக்கும், ஆனா அதுக்குன்னே செல்பெர்கேடினிப்னு ஒரு மருந்து இருக்கு, அமெரிக்காவுல 2020ல அனுமதி கிடைச்சது.

ரிப்போர்ட்ல வியுஎஸ்னு (VUS) ஒரு பட்டியலும் இருந்துச்சு, பாத்ததும் பயந்துட்டேன். அது இன்னும் அர்த்தம் தெரியாத மாற்றங்கள், அதை வெச்சு மருந்து முடிவு பண்ணமாட்டாங்க, அதனால அதைப் பாத்து கூகுள் பண்ணி தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

இப்போ அம்மா வீட்லயே மாத்திரைதான். இருமல் நல்லா குறைஞ்சுருக்கு, ஆனா மருந்தோட பக்கவிளைவா பிபி ஏறுது, வாய் வறண்டு போகுது, லிவர் டெஸ்டும் ஈசிஜியும் அடிக்கடி பாக்கறாங்க. இது கேன்சரை ஒரேயடியா ஒழிக்கற மருந்து இல்ல, ஒருநாள் கட்டி இந்த மருந்துக்கு அடங்காத மாதிரி மாறிக்கலாம்னு எங்களுக்குத் தெரியும். அப்போ மறுபடி டெஸ்ட் எடுக்கணும், அதுக்காக மிச்ச பிளாக்கை பத்திரமா வெக்கச் சொல்லி லேப்ல எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்.