பிஎல்சி அப்புறம், முதலில் டிஓஎல் ஸ்டார்ட்டர்

ஐடிஐ முடித்த தம்பிகளும், மெக்கானிக்கல் படித்துவிட்டு மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்டில் மாட்டிக்கொண்டவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எலெக்ட்ரிக்கல் கற்றுக்கொள்ள எங்கிருந்து ஆரம்பிப்பது, பிஎல்சி (மெஷினை புரோகிராம் போட்டு இயக்குகிற சிறு கணினி) கோர்ஸ் சேரலாமா? சேருங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டரை, அதாவது மோட்டாரை நேரடியாக லைனில் போட்டு ஓட்டுகிற பெட்டியை, மூடி கழற்றி, எந்த வயர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கடைசி முனை வரை விரலால் தொடர்ந்து பாருங்கள். சப்ளை இல்லாமல்தான், அதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கோவைப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் எந்தத் தோட்டத்து மோட்டார் ரூமிலும் சுவரில் தொங்குகிற அதே பெட்டிதான்.

ஓம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர்கள், பேனல் கதவைத் திறந்ததும் முழிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. பள்ளிக்கூடப் படத்தில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே சுற்று. இங்கே ஒரே பெட்டிக்குள் இரண்டு சுற்று இருக்கிறது. தடித்த வயர்கள் பவர் சர்க்யூட்: மூன்று பேஸும் பியூஸ் வழியாக வந்து, கான்டாக்டரில் (காயிலில் கரண்ட் போனதும் காந்தமாகி இழுத்து இணைப்பை மூடுகிற ஸ்விட்ச்) 1-2, 3-4, 5-6 என்ற முனைகளைத் தாண்டி, ஓவர்லோடு ரிலேக்குள் (மோட்டார் அளவுக்கு மீறி ஆம்பியர் எடுத்தால் நிறுத்துகிற காவல்) நுழைந்து மோட்டாருக்குப் போகும். அதில் யோசிக்க பெரிதாக ஒன்றுமில்லை. மெல்லிய வயர்கள்தான் கன்ட்ரோல் சர்க்யூட், மூளை அங்கேதான். ஒரு பேஸிலிருந்து கிளம்பி, ஓவர்லோடின் 95-96 முனைகள், பிறகு ஸ்டாப் பட்டன், பிறகு ஸ்டார்ட் பட்டன், பிறகு காயிலின் ஏ1, ஏ2 வழியாக இன்னொரு பேஸுக்கோ நியூட்ரலுக்கோ திரும்பும். காயில் 415 வோல்ட்டா 230 வோல்ட்டா என்பதைப் பொறுத்தது அது. மாற்றும்போது காயில் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் மாட்டினால் புகை வரும், அல்லது இழுக்கவே இழுக்காது.

ஸ்டார்ட்டை அமுக்கினால் காயில் இழுக்கிறது, சரி. விரலை எடுத்த பிறகும் ஏன் இழுத்தபடியே நிற்கிறது? கான்டாக்டர் இழுத்ததும் அதன் பக்கத்தில் இருக்கிற 13-14 என்ற துணை கான்டாக்ட்டும் சேர்ந்து மூடிக்கொள்கிறது, அது ஸ்டார்ட் பட்டனுக்குக் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கிறது, அதனால் பட்டன் செய்த வேலையை இப்போது கான்டாக்டரே தனக்குச் செய்துகொள்கிறது. இதைத்தான் ஹோல்டிங் என்கிறோம். சாதாரண ஸ்விட்ச் போட்டிருந்தால் இந்தச் சுற்றுவேலை எதுவும் வேண்டாமே என்று தோன்றும். கரண்ட் போவதை நினைத்துப் பாருங்கள். மெஷின் நின்றுவிட்டது, ஆபரேட்டர் சிக்கின நூலை எடுக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறார், கரண்ட் திரும்ப வருகிறது. ஸ்விட்சாக இருந்தால் மெஷின் உடனே ஓடும். ஹோல்டிங் இருந்தால், காயில் விட்டதும் 13-14 திறந்துவிட்டிருக்கும், யாராவது மறுபடி ஸ்டார்ட்டை அமுக்காமல் எதுவும் நகராது. ஸ்டாப் பட்டன் எப்போதும் மூடியே இருக்கும் வகையில் வைத்திருப்பதற்கும் இதேபோல் காரணம் உண்டு. ஸ்டாப்புக்குப் போகிற வயரை எலி கடித்தால் மோட்டார் நின்றுவிடும். தலைகீழாக வைத்திருந்தால், வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது, அவசரத்துக்கு ஸ்டாப்பை அமுக்கும்போதுதான் தெரியும்.

இவ்வளவு புரிந்துவிட்டால் பழுது கண்டுபிடிப்பது பாதி முடிந்த மாதிரி. அமுக்கிப் பிடித்திருக்கும் வரை ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் 13-14 பக்கம் போங்கள். அமுக்கியும் சத்தமே இல்லை என்றால் ஓவர்லோடு டிரிப் ஆகியிருக்கலாம், ஸ்டாப் பட்டன் அழுக்கேறியிருக்கலாம், காயில் போயிருக்கலாம். கான்டாக்டர் டக்கென்று இழுக்கிறது, ஆனால் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறது என்றால் யோசிக்காமல் நிறுத்துங்கள், பெரும்பாலும் ஒரு பேஸ் இல்லை. 415 வோல்ட் காயில் இரண்டு பேஸை மட்டும்தான் எடுக்கிறது, அது எடுக்காத மூன்றாவது பேஸ் போனால் காயிலுக்குத் தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கும், வைண்டிங் வெந்துகொண்டிருக்கும். ஊர்ப்பக்கம் மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கன்டென்சர் போட்டு மோட்டார் ஓட்டியவர்களுக்கும், அடுத்த வாரம் ரீவைண்டிங் கடை வாசலில் நின்றவர்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

இங்கேதான் டெஸ்டர் ஏமாற்றும். பாக்கெட்டில் செருகியிருக்கும் நியான் டெஸ்டரை வைத்து மூன்று பேஸும் எரிகிறது, சப்ளை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கான்டாக்டர் இழுத்திருக்கும்போது, பியூஸ் போன பேஸிலும் டெஸ்டர் எரியும், ஏனென்றால் மற்ற இரண்டு பேஸின் வோல்டேஜ் மோட்டார் வைண்டிங் வழியாகச் சுற்றி அந்த முனைக்கும் வந்துவிடுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் மல்டிமீட்டரே குழப்பும். மெயினை நிறுத்தி, பியூஸைக் கழற்றி, கன்டினியூட்டி பாருங்கள், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மல்டிமீட்டர் பற்றி இன்னொன்று: ஆம்பியர் பார்க்கும் துளையில் சிவப்பு வயரைச் செருகிவிட்டு, அதை மறந்து வோல்டேஜ் பார்க்க இரண்டு பேஸுக்கு நடுவே வைத்தால், அந்த மீட்டர் வெறும் கம்பித் துண்டுதான். ஷாப்பில் ஆம்பியர் பார்க்க டாங் டெஸ்டர் இருக்கிறது, வயரை வெட்டாமல் கவ்விப் பார்க்கலாம், அந்தத் துளையை மறந்தே விடுங்கள்.

டாங் டெஸ்டரில் என்ன பார்ப்பது என்றால், மூன்று பேஸும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா, பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரைத் தாண்டுகிறதா, அவ்வளவுதான். 415 வோல்ட்டில் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு, 5 எச்பி மோட்டார் முழு லோடில் 7 ஆம்பியர் சொச்சம் எடுக்கும். கிளம்பும் நொடியில் ஆறேழு மடங்கு எடுப்பது இயல்பு, அதனால்தான் பெரிய மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா, அதாவது முதலில் வைண்டிங்கை ஸ்டாரில் இணைத்துக் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றுகிற முறை. அதில் ஒரு பொறி இருக்கிறது. ஓவர்லோடு ரிலேயை வைண்டிங்கோடு சேர்ந்து வருகிற இடத்தில், அதாவது டெல்டாவுக்குள் வைத்திருந்தால், பெயர்ப்பலகை ஆம்பியரின் 0.58 மடங்குக்குத்தான் செட் பண்ண வேண்டும். பலகையில் 20 என்று இருக்கிறதே என்று ரிலேயையும் 20க்குத் திருப்பி வைத்தால் அது சும்மா அலங்காரத்துக்கு இருக்கும்.

பாதுகாப்பு பற்றிப் போஸ்டரில் இருப்பதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிந்த மூத்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் மோட்டாரில் கை வைக்கும் முன் பியூஸ் கேரியர் மூன்றையும் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், பூட்டும் டேக்கும் இல்லாத சின்னப் பட்டறையில் அதைவிட நம்பகமான முறை எனக்குத் தெரியாது. டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றுகிற மின்னணுக் கருவி) இருக்கிற பேனலில் மட்டும் அதுவும் போதாது. மெயின் நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் 580 வோல்ட் அளவுக்கு டிசி தங்கியிருக்கும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவ் மேலேயே ஒட்டியிருப்பார்கள், அதையும் மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டுதான் தொட வேண்டும். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன் உதவியாளர், வயர்மேன், சூப்பர்வைசர் என்று தகுதிச் சான்றிதழ் தருகிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் பேசும்போதும் உதவும்.

பிஎல்சி லேடரை, அதாவது ஏணி மாதிரி வரைந்த புரோகிராமை, திறந்தால் முதல் வரியில் பார்ப்பது பெரும்பாலும் மேலே சொன்ன அதே ஹோல்டிங்தான், வயருக்குப் பதில் திரையில் கோடு. ஹோல்டிங் தெரியாமல் அங்கே போகிறவர்கள் படத்தை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள்.

வீட்டில் பழக வேண்டுமென்றால் 24 வோல்ட் டிசி காயில் உள்ள பழைய கான்டாக்டர் இரண்டு, நாலைந்து புஷ் பட்டன், ஒரு 24 வோல்ட் பவர் சப்ளை போதும், மோட்டாரே வேண்டாம், டக் டக் சத்தம் கேட்டால் சரி. முதலில் ஒரே கான்டாக்டரை இரண்டு இடத்திலிருந்து ஸ்டார்ட், ஸ்டாப் செய்கிற மாதிரி வயர் பண்ணுங்கள்: ஸ்டாப் இரண்டும் சீரிஸில், ஸ்டார்ட் இரண்டும் பேரலலில். அடுத்து பார்வர்டு-ரிவர்ஸ். இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இரண்டு கான்டாக்டரும் ஒரே சமயத்தில் இழுத்தால் பேஸும் பேஸும் நேருக்கு நேர் ஷார்ட். அது நடக்கவே முடியாதபடி ஒன்றின், இழுக்காதபோது மூடியிருக்கிற துணை கான்டாக்ட்டை மற்றதன் காயிலுக்கு முன்னால் போடுவது எப்படி என்று படம் பார்க்காமல் நீங்களே வரைந்து, வயர் பண்ணி, இரண்டு பட்டனையும் ஒன்றாக அமுக்கிப் பாருங்கள்.