அஷ்டமியில் கடல் வற்றாது

எங்கள் விலங்கியல் ஆய்வகத்தின் கடைசி அலமாரியில் ஒரு பார்மலின் புட்டி உண்டு. உள்ளே வெளிறிப்போன ஒரு பலனோகுளோசஸ், கடல் மணலில் வாழும் புழு. லேபிளில் மங்கிய மசியில் 'குருசடை' என்று மட்டும் எழுதியிருக்கும். முதுகுநாண் உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையில் வைத்துப் பேசப்படும் உயிர் என்று பாடம் படித்து, படம் வரைந்து, மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. அந்தப் புழு வாழும் மணலை ஒரு முறையாவது மிதித்துவிட வேண்டும் என்றுதான் களப்பயணத்துக்குக் குருசடைத் தீவுக்கு அருகில், ராமேசுவரம் போகும் வழியில் உள்ள மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தோம். மிதிக்கக் கிடைக்கவில்லை. அடுத்து போகிறவர்களுக்காவது கிடைக்கட்டும் என்று எழுதுகிறேன். ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

நாங்கள் தருமபுரிப் பக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு, 26 பேர். அவர்களில் 9 பேர் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. மாணவர் ஒருங்கிணைப்பாளர் நான். பஸ், சாப்பாடு, பெற்றோர் ஒப்புதல் கடிதம் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன.

மனுதான் முடியவில்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளில் குருசடையும் ஒன்று. 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. வனத்துறை அனுமதி வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால் துறையில் இருந்த பழைய மனு ஒன்றின் நகலை எடுத்து, தேதியையும் பெயர்ப் பட்டியலையும் மாற்றி, கையெழுத்து வாங்கி அனுப்பினோம். அந்தப் பழைய மனுவில் 'கடல்வாழ் உயிரினங்களைப் பார்வையிடவும் மாதிரிகள் சேகரிக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. நான் அதைப் படித்தேன். படித்தும் அப்படியே விட்டுவிட்டேன். களப்பயணம் என்றால் சேகரிப்புதானே என்ற பழக்கம்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்டபோது மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகவே சொன்னார். பார்வையிட மட்டும் என்றால் ஒரு வழி. சேகரிப்பு என்ற சொல் வந்துவிட்டால் தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போக வேண்டும், ஆய்வுத் திட்டம் வேண்டும், மாதக் கணக்கில் ஆகும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, எதையும் எடுக்க மாட்டோம் என்ற உறுதிமொழியைச் சேர்த்து, எல்லோருடைய அடையாள அட்டை நகலையும் இணைத்து மறுபடி அனுப்பச் சொன்னார். அரை மணி நேர வேலை. அதற்கு எங்கள் கல்லூரி அலுவலகத்தில் எட்டு நாள் ஆயிற்று. திருத்திய மனு என்றால் புதுக் கோப்பாம். புதுக் கோப்புக்குத் துறைத் தலைவரின் குறிப்பு வேண்டுமாம். குறிப்பு வந்த அன்று முத்திரை வைத்திருப்பவர் விடுப்பு. ஒரே ஒரு முத்திரைக்காக நான்கு முறை மாடிப்படி ஏறி இறங்கினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு முறைகூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. மனு போய்ச் சேர்ந்தபோது பயணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. தீவை மறந்துவிடுங்கள், மண்டபம் கரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் எங்கள் பேராசிரியை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கரையிலாவது எல்லாம் கிடைக்கும் என்று நம்பினோம். பாறை இடுக்கு, குட்டை, கல்லுக்கு அடியில் நட்சத்திர மீன் போன்ற நொறுங்குமீன்கள் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தோம். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து காலை ஆறு மணிக்குக் கரையில் இறங்கினால், பாறை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். ஏழு மணிக்கும் தண்ணீர். எட்டரைக்கும் அதே அளவு. தோழி ஒருத்தி முதன்முதலாகக் கடலைக் கண்டவள். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துவிட்டு, உண்மையாகவே உப்புத்தான் என்று என்னிடம் வந்து சொன்னாள். அவளுடைய மகிழ்ச்சியில் கலந்துகொள்ளக்கூட எனக்கு மனம் வரவில்லை. 26 பேரின் பணமும் என் கையால் வாங்கியது.

கரையில் ஓர் அம்மாள் கடற்பாசி உலர்த்திக்கொண்டிருந்தார். விரல் நுனிகளெல்லாம் பாறை கிழித்த வெள்ளைத் தழும்புகள். எங்களை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், "என்ன பாப்பா, அஷ்டமியில் வந்து நிற்கிறீர்களே?" என்றார்.

"ஏன் அக்கா, அஷ்டமி ஆகாதா?"

"நல்ல நாள் கெட்ட நாள் சொல்லவில்லை. அஷ்டமியில் கடல் வற்றாது. அமாவாசைக்கு முன்னே பின்னே, பௌர்ணமிக்கு முன்னே பின்னே, அப்போதுதான் நாங்களே பாசிக்கு இறங்குவோம். இன்றைக்கு நான் ஏன் கரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறாய்?"

சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுத்தால் பெரிய ஏற்றவற்றம். அஷ்டமியில் போலச் செங்குத்தாக நின்று இழுத்தால் சிறியது. பள்ளியிலேயே படித்ததுதான். இந்தக் கடலில் நல்ல நாளிலேயே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அஷ்டமியில் என்ன மிஞ்சும்? நாங்கள் தேதி குறித்ததோ தை அமாவாசைக் கூட்டத்துக்குப் பயந்து. அந்த நாட்களில் ராமேசுவரத்தில் அறை கிடைக்காது என்று ஒரு வாரம் முன்னதாக வைத்துக்கொண்டோம். எது கடலைத் திறந்து காட்டுமோ அந்த நாளைத் தேடித் தேடித் தவிர்த்திருக்கிறோம். ஆய்வகச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் ஒவ்வொரு தாளிலும் திதி அச்சிட்டிருக்கிறது.

அன்றைய பொழுதைக் காப்பாற்றியவரும் அந்த அம்மாள்தான். கரையில் காய்ந்து கிடப்பதைத் தொடாதீர்கள், அலையில் புதிதாக மிதந்து வரும் கட்டக்கோரையை எடுத்து உதறிப் பாருங்கள் என்றார். பாடநூலில் சர்காசம் என்று வருவதை அங்கே கட்டக்கோரை என்கிறார்கள். பேராசிரியை வெள்ளை எனாமல் தட்டில் கடல்நீர் ஊற்றி, ஒரு கைப்பிடிப் பாசியை அதில் அலசினார். முதலில் வெறும் தூசி. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு தூசி நடந்தது. நூல் துண்டு என்று நினைத்தது பின்னங்கால்களால் பாசியைப் பற்றிக்கொண்டு உடம்பை நிமிர்த்தி ஆடத் தொடங்கியது: எலும்புக்கூட்டு இறால். பாசியின் காற்றுப்பைகள் பச்சைப் பயறு அளவில் உருண்டையாக இருந்தன. அவற்றின் நடுவே அதே பழுப்பு நிறத்தில் ஒரு நண்டு, நகரும் வரை கண்ணுக்குத் தெரியவே இல்லை. இலைமேல் சுண்ணாம்புப் புள்ளிகளாக ஒட்டியிருந்தவை கைவில்லையில் சுருள் குழாய்களாக விரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு. தட்டின் ஓரத்தில் தையல் நூல் தடிமனில் ஐந்து கைகளை வீசிக்கொண்டு ஒரு நொறுங்குமீன் போயிற்று. காலையில் நீங்கள் தேடியது இதுதானே என்று பேராசிரியை என்னிடம் கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது. மதியத்துக்குள் 14 வகைகளைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கடலிலேயே விட்டோம். கொண்டுபோன 40 புட்டிகளும் காலியாகவே ஊர் திரும்பின.

பிற்பகலில் இன்னொரு கண்டம் தப்பியது. முழங்கால் ஆழத்தில் கடற்புல் நடுவே கிடந்த கடல் அட்டை ஒன்றை வகுப்புத் தோழர் ஒருவர் படம் எடுப்பதற்காகத் தூக்கிவிட்டார். வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர், "விடு தம்பி, உடனே விடு" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். 2001 முதல் கடல் அட்டைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. பிடித்தாலும் வைத்திருந்தாலும் வழக்கு. மாணவன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். போகும் முன்பே வகுப்பில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். கூம்புச் சங்கு அழகாக இருக்கும், அதையும் கையில் எடுக்கக் கூடாது. நஞ்சுள்ள அம்பு அதற்கு உண்டு. செருப்பு உதவாது, பழைய கேன்வாஸ் காலணி போட்டுக்கொள்ளுங்கள். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும்.

மண்டபம் ஒடுங்கிய நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று மாதங்களில் தென்கரை அமைதி, தென்மேற்குக் காற்று வீசும்போது வடகரை அமைதி. காற்றைக் கேட்டுக்கொண்டு கரையைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசைக் கூட்டத்துக்குப் பயந்தால் ராமநாதபுரத்தில் தங்கி விடியற்காலையில் வந்துவிடலாம். வற்றம் எத்தனை மணிக்கு என்பதை ஏற்றவற்ற அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அருங்காட்சியகத்தை முதல் நாளே பார்த்துவிட்டால் மறுநாள் கரையில் கண் பழகியிருக்கும். நாங்கள் கடைசியில் போனோம்.

இளையவர்களுக்காக மனுவை நானே புதிதாக எழுதிக் கொடுத்தேன். 'சேகரிப்பு' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நாட்காட்டியில் மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் தாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்ப வைத்தேன். போன வாரம் குருசடைக்கு அனுமதி வந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் பெண்ணிடம், மணல்மேல் சுருள் சுருளாக எச்சம் குவிந்திருந்தால் அங்கே குனிந்து முகர்ந்து பார், அயோடோபார்ம் மருந்து வாடை அடித்தால் அடியில் பலனோகுளோசஸ் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். தோண்டாமல் அந்தச் சுருளை மட்டும் படம் எடுத்து அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.